பென்ஷனோடு வந்தவர், கூடையோடு வந்தவர்

கோஸ்டா ரிக்காவில் குடியேறிய வெளிநாட்டவர் என்றதும், பயணக் காணொளிகள் நமக்குப் பழக்கிவைத்த ஒரே படம்தான் மனதில் வரும்: பசிபிக் கடலைப் பார்த்த திண்ணை, கையில் காபியோடு ஓர் அமெரிக்க முதியவர். படம் பொய்யில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் நாடு வேறு. அப்போது அங்கே வாழ்ந்த, வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 3,86,000 பேர். அவர்களில் நிகரகுவாவில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2,88,000. அமெரிக்காவில் பிறந்தவர்கள் 16,000 அளவில்தான்.

நான்கு வெளிநாட்டவரில் மூவர் வடக்கு எல்லையைத் தாண்டி வந்தவர்கள். காபி பறிப்பதும், கட்டடம் கட்டுவதும், அடுத்தவர் வீட்டில் சமைப்பதும், இரவுக் காவல் நிற்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களை யாரும் காணொளி எடுப்பதில்லை.

கோஸ்டா ரிக்காவில் வெளிநாட்டவராக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மாதம் ஆயிரம் டாலர் பென்ஷனோடு விமானத்தில் இறங்கியவருக்கு ஒரு பதில். காபிக்கூடையை இடுப்பில் கட்டிக்கொள்ள எல்லைச்சாவடியில் வரிசையில் நின்றவருக்கு இன்னொன்று. இரண்டு பேரும் நனைவது ஒரே மழையில், ஏறுவது ஒரே பேருந்தில், வரிசை பிடிப்பது ஒரே அரசு மருத்துவமனையில். அந்த மருத்துவமனை வரிசைதான் அந்நாட்டின் உண்மையான பெருமை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன், அன்றாடம் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அத்திமரத்திலிருந்து 200 மீட்டர்

தலைநகர் சான் ஹோசேயில் வாடகைக்கு வீடு பிடிப்பவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது முகவரி. கதவு எண்ணும் தெருப்பெயரும் அதில் இருக்காது. "தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கு, 50 மீட்டர் கிழக்கு, இடதுபக்கம் பச்சை கேட்" என்பதுதான் முகவரி. இதில் 100 மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை. அளந்து பார்த்தால் 80 மீட்டராகவும் இருக்கலாம், 130ஆகவும் இருக்கலாம். அடையாளப் பொருள் இப்போது இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சான் பேத்ரோ பகுதியில் நின்றிருந்த பெரிய அத்திமரம் போய்ப் பல காலம் ஆகிறது. அந்தப் "பழைய இகெரோன்" மரத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று இன்றும் வழி சொல்கிறார்கள். 2012இல் நகராட்சி தெருப்பலகைகளை நடத் தொடங்கியது. பலகைகள் நிற்கின்றன, மக்கள் தேவாலயத்திலிருந்தே எண்ணுகிறார்கள். வெளியூர்க்காரர் கைபேசி வரைபடத்தை வைத்துச் சமாளிக்கிறார், அது கைவிடும் இடத்தில் பக்கத்துக் கடையில் நின்று கேட்கிறார். அந்தக் கடைக்காரரோடு பழக்கம் பிடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

நேரமும் புதிதாகத்தான் இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஐந்தரை மணி வாக்கில் விடிந்து, மாலை ஆறுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கட்டட வேலைக்காரர்கள் ஆறு மணிக்கே வேலையைத் தொடங்குகிறார்கள். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மதியச் சாப்பாடு முடிவதற்குள் மேகம் இறங்கும், பிறகு தகரக் கூரைமீது மழை விழும் சத்தத்தில் பேச்சு எடுபடாது. துணி உலர்த்துவது, வங்கிக்குப் போவது, மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் முற்பகலில் முடித்துக்கொள்ளப் பழகாதவருக்கு அங்கே வாழ்க்கை கடினம்.

சாப்பாட்டில் தமிழர் ஒருவர் அந்நியப்பட மாட்டார். வார இறுதியில் ஊருக்கு ஊர் கூடும் 'ஃபேரியா' என்ற உழவர் சந்தையில் சௌசௌ, மரவள்ளிக்கிழங்கு, சமையல் வாழை, பப்பாளி, மாங்காய் எல்லாம் குவிந்திருக்கும். சௌசௌவின் பூர்வீகமே மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த அந்த நிலப்பகுதிதான். காலை உணவு 'காயோ பிந்தோ': முந்தின நாள் சோற்றை வேகவைத்த பீன்ஸோடு, வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்துக் கிளறுவது. கோஸ்டா ரிக்கர்கள் பெரும்பாலும் கறுப்பு பீன்ஸ் போட்டு, 1920ஆம் ஆண்டு முதல் விற்கும் லிசானோ சாறு ஊற்றுவார்கள். நிகரகுவர்கள் சிவப்பு பீன்ஸ்தான் போடுவார்கள். இது யாருடைய உணவு என்ற சண்டை இரண்டு நாட்டுக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. ஒரே அடுப்பங்கரையில் முதலாளியம்மாள் கறுப்பு கேட்க, சமைக்கும் நிகரகுவப் பெண் தனக்குச் சிவப்பு வேகவைத்துக்கொள்வதும் நடக்கிறது.

மனிதர்களிடம் பழகுவதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். கோஸ்டா ரிக்கர் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல மிகவும் தயங்குவார். குழாய் பழுது பார்ப்பவர் நாளைக் காலை வருவதாகச் சொல்வார், வரமாட்டார். வட அமெரிக்கரும் ஐரோப்பியரும் இதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு கொதிக்கிறார்கள். அது பொய் இல்லை. எதிரில் நிற்பவரின் முகம் வாடக்கூடாது என்ற கவனம், காரியத்தைவிட மேலே வைக்கப்படும் சமூகம் அது. குரலை உயர்த்தியவருக்கு அங்கே எந்த வேலையும் நடக்காது.

காகிதம் உள்ளவர், இல்லாதவர்

அரசு வகுத்துள்ள கதவுகள் தெளிவானவை. ஆயுள் முழுவதும் மாதம் 1,000 டாலர் பென்ஷன் வருவதைக் காட்டினால் ஓய்வூதியருக்கான வசிப்பிட அனுமதி. பென்ஷன் இல்லாதவர் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். 2021இல் வந்த சட்டம் 1,50,000 டாலர் முதலீடு செய்பவருக்கு இன்னொரு வழி திறந்தது. அதே ஆண்டு, வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வழியே வேலை செய்பவர்களுக்காக, மாதம் 3,000 டாலர் வருமானத்தை அளவாக வைத்துத் தனிச் சட்டம் வந்தது.

இந்தக் கதவுகளுக்கு வெளியே நிற்கும் வசதியுள்ளவர்களும் உண்டு. சுற்றுலா அனுமதி 90 நாளாக இருந்தவரை, அது முடியும் தறுவாயில் நிகரகுவா எல்லையான பெனியாஸ் பிளாங்காஸுக்கோ பனாமா எல்லையான பாசோ கனோவாஸுக்கோ போய், ஒரு முத்திரை குத்திக்கொண்டு திரும்பி, ஆண்டுக்கணக்கில் 'சுற்றுலாப் பயணி'களாகவே வாழ்ந்தார்கள். 2023இல் அமெரிக்கர், கனடியர், ஐரோப்பியர் போன்றோருக்கு அந்த அனுமதி 180 நாள் வரை நீட்டப்பட்டது. இதே வேலையை ஒரு நிகரகுவத் தொழிலாளி செய்தால் அவரை யாரும் சுற்றுலாப் பயணி என்று அழைப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழ், காவல்துறைச் சான்றிதழ், அப்போஸ்டில் முத்திரை, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு என்று காகிதம் சேர்ப்பதே ஒரு தனி உழைப்பு. எல்லாப் படிவங்களிலும் தந்தை வழிக் குடும்பப்பெயர், தாய் வழிக் குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் சுமக்கும் நம்மவர் அதை நிரப்பத் திணறத்தான் வேண்டும். முடிவில் கையில் வருவது 'திமெக்ஸ்' என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டை. அது வந்த பிறகுதான் முழுமையான வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு இருந்தால் 'சின்பே மோவில்' வேலை செய்யும். மத்திய வங்கி 2015இல் தொடங்கிய கைபேசிப் பணப்பரிமாற்றம் அது. இன்று சந்தையில் வாழைத்தார் விற்பவரும் தொலைபேசி எண்ணை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். அட்டை இல்லாத தொழிலாளிக்குக் கூலி ரொக்கமாகத்தான் வரும். ரொக்கத்தில் கூலி வாங்குபவர் ஏமாற்றப்பட்டால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

நாணய மாற்று விகிதம் இந்த இரண்டு பேரின் தலையெழுத்தையும் எதிரெதிர்த் திசையில் மாற்றியது. 2022 ஜூனில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 690 கொலோன். இரண்டே ஆண்டுகளில் அது 510 அளவுக்கு இறங்கிவிட்டது. பென்ஷன்காரரின் ஆயிரம் டாலர் உள்ளூரில் ஏறத்தாழ கால்பங்கு தேய்ந்துபோனது. கொலோனில் கூலி வாங்கி, டாலராக்கி ஊருக்கு அனுப்பும் நிகரகுவப் பெண்ணுக்கோ அதே கூலியில் கூடுதல் டாலர் கிடைத்தது. சொர்க்கத்தின் விலை ஏறிவிட்டது என்ற புலம்பலை ஆங்கிலத்தில் நிறையவே படிக்கலாம். மற்றவருக்குக் கிடைத்த இந்தச் சிறு ஆறுதலை எழுதியவர்கள் குறைவு.

காஹாவின் காத்திருப்பு அறை

1948 டிசம்பர் 1 அன்று, உள்நாட்டுப் போர் முடிந்த சில மாதங்களில், அதில் வென்ற ஹோசே ஃபிகேரஸ் ஃபெரர் சான் ஹோசேயின் பெயாவிஸ்தா படைமுகாமில் ஒரு சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். 1949ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு அதை நிலைப்படுத்தியது. அந்தப் படைமுகாம் இப்போது தேசிய அருங்காட்சியகம். ராணுவம் கலைவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1941இல், ஃபிகேரஸின் அரசியல் எதிரியான ரஃபேல் ஆங்கெல் கால்தெரோன் குவார்தியா சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். மக்கள் 'காஹா' என்று அழைப்பது அதைத்தான். போரில் வென்றவர், தோற்றவர் கட்டிய காஹாவை இடிக்கவில்லை. அந்நாட்டு வரலாற்றில் சம்மட்டி அடியைவிட எனக்குப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

வசிப்பிட அனுமதி பெற்ற வெளிநாட்டவர் அனைவரும் காஹாவில் சேர்ந்தே ஆக வேண்டும். வருமானத்துக்கு ஏற்ப மாதச் சந்தா. பதிலுக்குப் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் 'எபாய்ஸ்' நலமையத்தில் மருத்துவர், பரிசோதனை, மருந்து. பெரிய நோய்க்கு அரசு மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும், அவர்களிடம் காகிதம் இல்லாவிட்டாலும், சிகிச்சை உண்டு.

அந்தக் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த ஓஹையோ மாநில ஓய்வுபெற்ற ஆசிரியர். பக்கத்தில் அன்னாசித் தோட்டத்தில் முதுகு ஒடிந்த நிகரகுவர். மடியில் குழந்தையோடு வெனிசுவேலாப் பெண். கல்லூரி மாணவனான உள்ளூர்ப் பையன். எண் கூப்பிடும் வரை எல்லோருக்கும் ஒரே நாற்காலிதான். தன் சொந்த நாட்டில் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டி ஓய்ந்த பல அமெரிக்கர்களுக்கு இது வாழ்நாளில் காணாத அனுபவம்.

குறை இல்லாமல் இல்லை. அறுவை சிகிச்சைக்கும் நிபுணர் சந்திப்புக்கும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வசதியுள்ள வெளிநாட்டவர் அந்த வரிசையை விட்டு விலகித் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். காத்திருப்பின் பாரம் முழுவதும் போக வழியில்லாதவர் தலையில்தான் விழுகிறது.

லா உருக்கா

சான் ஹோசேயின் மேற்கே லா உருக்கா என்றொரு பகுதி. நாட்டின் குடியேற்றத் துறைத் தலைமை அலுவலகம் அங்கேதான். காஹாவின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றான மெக்சிகோ மருத்துவமனையும் அங்கேதான். அதே பகுதியின் விளிம்பில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே, குப்பை கொட்டும் நிலத்தை ஒட்டி லா கார்ப்பியோ இருக்கிறது. 1990களில் புறம்போக்கு நிலத்தில் தகரமும் பலகையும் வைத்து எழுந்த குடியிருப்பு. பெரும்பகுதி நிகரகுவக் குடும்பங்கள். எஸ்காசு, சாந்தா அனா போன்ற செல்வப் பகுதிகளின் வீடுகளைத் துடைக்கவும், அங்கே எழும் அடுக்குமாடிகளுக்குக் கலவை சுமக்கவும் காலைப் பேருந்துகளில் போகிறவர்களில் பலர் இங்கிருந்து கிளம்புகிறவர்கள்.

நவம்பர் வந்தால் காபி அறுவடை. தலைநகருக்குத் தெற்கே லோஸ் சாந்தோஸ் மலைச்சரிவுகளில் நிகரகுவர்களும், பனாமாவிலிருந்து குடும்பத்தோடு வரும் ஙோபே பழங்குடியினரும் இறங்குகிறார்கள். இடுப்பில் கட்டிய கூடையில் பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். கணக்கு 'கஹுவேலா'வில்: 20 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று. எத்தனை பெட்டியோ அத்தனை கூலி. மழைச் சேற்றில் சரிவில் காலூன்றி நிற்பதற்குத் தனிக் கூலி கிடையாது. உலகச் சந்தையில் 'தராசு' என்ற பெயரோடு உயர்ந்த விலைக்கு விற்கும் காபி இந்த விரல்களால் பறிக்கப்பட்டதுதான்.

2018 ஏப்ரலில் நிகரகுவாவில் மக்கள் தெருவில் இறங்கியதும், ஒர்த்தேகா அரசு அவர்களைச் சுட்டு ஒடுக்கியதும் எல்லை தாண்டியவர்களின் முகத்தை மாற்றின. மாணவர்கள், மருத்துவர்கள், விவசாயிகள், பத்திரிகையாளர்கள் வந்தார்கள். புகலிடம் கேட்டவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது சாதாரணச் சுமையில்லை. நிகரகுவப் பத்திரிகையாளர் கார்லோஸ் ஃபெர்னாந்தோ சமோரோ தன் 'கான்ஃபிதென்சியல்' இதழைச் சான் ஹோசேயிலிருந்து நடத்தத் தொடங்கினார். நாடு கடந்தும் எல்லோருக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. ஒர்த்தேகாவைக் கடுமையாக விமர்சித்த முன்னாள் ராணுவ மேஜர் ரொபெர்த்தோ சாம்காம், 2025 ஜூனில் சான் ஹோசேயில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

2018 ஆகஸ்ட் 18 அன்று சான் ஹோசேயின் லா மெர்செத் பூங்காவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிகரகுவர்கள் கூடி, வாழையிலையில் கட்டிய நகதமால் வாங்கிச் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசும் இடம் அது. அங்கே ஒரு கும்பல் அவர்களைத் துரத்தி அடிக்கப் புறப்பட்டது. சமூக ஊடகங்களில் பரவிய பொய்ச் செய்திகள் அதற்குத் தூபம் போட்டிருந்தன. அடுத்த வாரமே நிகரகுவர்களுக்கு ஆதரவாக உள்ளூர் மக்கள் பேரணி நடத்தினார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில் நடந்தவை.

முன்பே வந்தவர்கள்

வந்தவர்களைத் தள்ளிவைத்துப் பிறகு தன்னவர்களாக்கிக்கொள்வது அந்நாட்டுக்குப் புதிதில்லை. 1871இல் தொடங்கி 1890இல் முடிந்த அட்லான்டிக் ரயில்பாதைக்கு ஜமைக்காவிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு வாழைத் தோட்டங்களில் உழைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் லிமோன் மாநிலத்திலேயே பிறந்தும் நெடுங்காலம் குடியுரிமை இல்லாமல் இருந்தார்கள். 1934இல் வாழை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், பசிபிக் பக்கத் தோட்டங்களில் கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று எழுத்திலேயே தடுத்தது. 1948 போருக்குப் பிறகுதான் குடியுரிமைக் கதவு திறந்தது. அதே சமூகத்தில் பிறந்த எப்சி கேம்பெல் 2018இல் துணைக் குடியரசுத் தலைவரானார். இன்று தேங்காய்ப்பாலில் வேகும் லிமோன் சோற்றையும், 2023இல் 103 வயதில் மறைந்த கலிப்ஸோ பாடகர் வால்டர் ஃபெர்கூசனையும் நாடே தன்னுடையது என்று கொண்டாடுகிறது. அந்த ஏற்புக்கு அந்த மக்கள் கொடுத்த காலம் மூன்று தலைமுறை.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்களிலும் மறக்கக்கூடாத ஒரு கூட்டம் உண்டு. படையில் சேரப் பதிவு செய்ய மறுத்ததால் சிறை சென்ற இளைஞர்கள் சிலரோடு, அலபாமாவின் குவேக்கர் குடும்பங்கள் 1951 வாக்கில் மொந்தேவெர்தே மலையில் குடியேறின. ராணுவம் இல்லாத நாடு என்பதாலேயே அதைத் தேர்ந்தார்கள். மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி ஆலை நிறுவினார்கள், பள்ளி தொடங்கினார்கள், நீரூற்றுகளைக் காக்கக் காட்டின் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டார்கள். இன்று உலகம் தேடிவரும் மேகக்காட்டுச் சரணாலயம் 1972இல் உருவானபோது அவர்கள் விட்டுவைத்த காடு துணையாக இருந்தது. வந்த இடத்துக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று வந்த வெளிநாட்டவர்கள் அவர்கள்.

கடற்கரைகளில் இன்று நடப்பது அப்படிப்பட்டதில்லை. சட்டப்படி கரையோரத்தின் முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு. அடுத்த 150 மீட்டர் குத்தகைக்கு மட்டுமே. அதற்குப் பின்னாலுள்ள பட்டா நிலத்தை வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரைப் போலவே வாங்கலாம். தமரிந்தோ, நோசாரா, சாந்தா தெரேசா எங்கும் நிலவிலை டாலரில் ஏறிவிட்டது. அங்கேயே பிறந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் உள்ளே தள்ளிப் போகிறார்கள். காலையில் அதே கடற்கரை விடுதிகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். கொலைகளும் பெருகின. 2023இல் எண்ணிக்கை 900ஐத் தாண்டியது. போதைப்பொருள் கும்பல்கள் மோதும் பேட்டைகளில் வாழும் ஏழைகள்தான் பெரும்பாலும் பலியாகிறார்கள். மின்வேலிக்குப் பின்னால் வாழும் ஓய்வூதியரை இது அதிகம் தொடுவதில்லை.

அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு, வெளிநாட்டவருக்குக் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமைகளும் கடமைகளும் உண்டு என்கிறது. விதிவிலக்குகளைச் சட்டம் சொல்லும், நாட்டின் அரசியலில் மட்டும் அவர்கள் தலையிடக்கூடாது. எஸ்காசுவில் வீடு வாங்கியவருக்கும் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் லா கார்ப்பியோப் பெண்ணுக்கும் பொருந்துவது இந்த ஒரே பிரிவுதான். 2009இல் வந்த சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று வரையறுத்திருக்கிறது. டிசம்பர் 20க்குள் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். காஹாவில் அவரைப் பதிவு செய்து முதலாளியின் பங்கைக் கட்ட வேண்டும். அப்படிப் பதிவானால்தான் நோய்க்கு மருந்தும் முதுமைக்குப் பென்ஷனும் அவருக்குக் கிடைக்கும்.

கோஸ்டா ரிக்காவில் குடியேற நினைக்கும் யாராக இருந்தாலும், நம்மவராக இருந்தாலும், கடலைப் பார்த்த வீட்டைத் தேடுங்கள், தவறில்லை. வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தும் நாளிலேயே அவரைக் காஹாவில் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாதவருக்கு அந்நாட்டைச் சொர்க்கம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி கிடையாது.